இந்த சைக்கிள் யாருடையது?

பழைய பேப்பர் போடப் போன இடத்தில் கணவன் மனைவி சண்டையை விலக்கிவிட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?

எனக்கு இந்தக் கோடை விடுமுறையில் கிடைத்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடை. இரண்டு கட்டு பேப்பரோடு நான் போய் இறங்கியபோது, ஒரு சைக்கிள் ஃபிரேமின் முன்பக்கத்தை ஆரோக்கியமேரி அக்கா பிடித்திருந்தார். பின்பக்கத்தை அவருடைய கணவர் அந்தோணிசாமி அண்ணன் பிடித்திருந்தார். இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, சீட் இல்லை. வெறும் எலும்புக்கூடு. அதற்குத்தான் அத்தனை போட்டி.

இருவரும் என் தெருக்காரர்கள். நாலு வீடு தள்ளி. அண்ணன் இங்கே ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆயுள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவர், ஆனால் சூடாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அத விக்கறதுக்கு நமக்கு ரைட்டு கெடையாதுடி!"

"இருவது வருஷமா பரண் மேல கெடக்குது. எலிதான் இதுல குடும்பம் நடத்துது. வூட்டுக்கு வெள்ளையடிக்கணுமா, வாணாமா? டீச்சர், நீங்களே சொல்லுங்க!"

டீச்சர் என்பது நான்தான். பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கிறேன். பிசிக்ஸ் டீச்சரிடம் ஏன் இந்தப் பஞ்சாயத்து என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஃபியூஸ் போனாலும் என்னிடம்தான் வருவார்கள்.

நான் தீர்ப்பு சொல்வதற்குள் கடைக்காரர் குறுக்கே புகுந்து ஃபிரேமைப் பிடுங்கித் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். தராசைத் தட்டினார். மறுபடி வைத்தார்.

"இன்னாங்க இது, எடையே இல்ல? அலுமினியமா?"

அலுமினியமா? கடையில் உடைந்த ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. அதன் காந்தத்தை எடுத்து ஃபிரேமில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஸ்டீல்தான். ஆனால் நம்ம ஊர் சைக்கிள் ஃபிரேமில் பாதி எடைகூட இல்லை.

ஒரு பொருள் இருக்க வேண்டிய எடையில் இல்லையென்றால் பிசிக்ஸ் படித்தவர்களுக்குத் தூக்கம் வராது. "சண்டை முடியறவரைக்கும் என் வீட்டில் இருக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் பேப்பர் கட்டைக் கடையிலேயே மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

அண்ணன் கூடவே நடந்து வந்தார். வழியில் கேட்டேன், "ஏது அண்ணே இது?"

"நான் வேலைக்குச் சேந்த புதுசு டீச்சர். எழுவதுகள்ல. ஃபாரின்காரங்க ஒருத்தங்க பாண்டிச்சேரிலேந்து சைக்கிள்லியே வந்தாங்க. திருச்சிப் பக்கம் போவணும்னு பிளானு. இங்க வந்ததும் மஞ்சக்காமால புடிச்சிக்கிச்சு. எங்கம்மா சிஸ்டருங்க மடத்துல சமையலு. மடத்துல அப்ப எடமில்ல. எங்க வூட்லதான் மூணு வாரம் இருந்தாங்க. தேறினதும் ரயிலேறிட்டாங்க. சைக்கிள குடுத்துட்டுப் போயிட்டாங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆரோக்கியமேரி அக்கா இந்தக் கதையை நம்பியதே இல்லை. அவருடைய கட்சி இது: "எந்த வெள்ளக்காரன் சைக்கிள சும்மா குடுப்பான்? ரயில் டேஷன்ல கேக்க ஆளில்லாம நின்னத ஓட்டிக்கினு வந்திருப்பாரு!"

அண்ணன் இதை ஷிப்ட்டுக்குப் போக வர பத்து வருடம் ஓட்டியிருக்கிறார். ஒருநாள் அரிசி மூட்டையோடு மதகுச் சுவரில் மோதி, கீழ்க்குழாயில் விரிசல். அதோடு பரணுக்குப் போனது.

"நீங்களே வெச்சிக்குங்க டீச்சர். ரிப்பேர் பண்ணி ஓட்டுங்க. வித்துட மட்டும் வாணாம்" என்றார்.

விற்பதா? நான் ஏற்கெனவே அதைக் காதலிக்க ஆரம்பித்திருந்தேன்.

முதலில் பெயிண்ட். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கத் தேய்க்க அண்ணனின் வாழ்க்கை வரலாறு வந்தது. மேலே நீலம்... அது மாதா கோயில் ஜன்னலுக்கு அடித்த மிச்சம். அதற்குக் கீழே சாம்பல் நிறம்... தொழிற்சாலை கேட்டுக்கு அடித்த மிச்சம். அதற்கும் கீழே பச்சை. எல்லாவற்றுக்கும் அடியில், பழுத்த பப்பாளி நிறத்தில் ஒரு ஆரஞ்சு. அதைப் பார்த்ததும் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டேன். அப்படி ஒரு நிறம்!

குழாய்கள் சேரும் இடங்களில் இருக்கும் உறைகள், அதாவது லக், இலை நுனி மாதிரி அரம் போட்டு இழைக்கப்பட்டிருந்தன. மெஷின் செய்த வேலை இல்லை. யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் ஒரு நம்பர். அவ்வளவுதான். கம்பெனி பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை.

அந்தப் பெடல் அச்சைக் கழற்ற பஜாரில் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். செயின் பக்கத்தில் அச்சைப் பிடித்திருக்கும் மூடியை, அதாவது கப்பை, நம்ம ஊர் வண்டியில் வலப்பக்கம் திருகினால் கழலும். கடைக்காரர் வலப்பக்கம் திருகினார். நகரவில்லை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊற வைத்துத் திருகினார். நகரவில்லை. பெரிய ஸ்பானர் போட்டு, அதன் மேல் பைப் செருகி, ஏறியே நின்றார்.

"இடப்பக்கம் திருப்பிப் பாருங்களேன்" என்றேன்.

என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவரிடம் சேலை கட்டிய ஒரு பொம்பளை வந்து மரை திருப்பச் சொல்கிறாள்! என் வாயை அடைப்பதற்காகவே இடப்பக்கம் திருகிக் காட்டினார்.

வெண்ணெய் மாதிரி கழன்றது.

"இது நம்ம நாட்டு வண்டி இல்லீங்க. மரையே தலைகீழா இருக்குது" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசும்போது குரலில் ஒரு மரியாதை தெரிந்தது. 'மேடம்' கூட வந்தது.

பள்ளி லேப்பிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்தேன். சீட்டு செருகும் குழாயின் விட்டம் 28.0 மில்லிமீட்டர். வீட்டில் இருக்கும் நம்ம ஊர் சைக்கிளை அளந்தேன். 28.6. வெர்னியரில் பூஜ்யப் பிழையோ? மாணவிகளை வருஷா வருஷம் திட்டுவேனே, அதே சந்தேகம் எனக்கு. மூன்று முறை அளந்தேன். 28.0 தான்.

அப்போதுதான் பொறி தட்டியது. 28.6 மில்லிமீட்டர் என்பது ஒன்றே அரைக்கால்... மன்னிக்கவும், ஒன்று மற்றும் எட்டில் ஒரு பங்கு இன்ச். இன்ச்சில் யோசிக்கும் பிரிட்டிஷ்காரன் அளவு அது. நம்ம ஊர் சைக்கிள் அவனிடம் கற்றது. முழுசாக இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்று யார் குழாய் செய்வார்கள்? மில்லிமீட்டரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான். வண்டி வந்தது பாண்டிச்சேரியிலிருந்து...

பிரான்ஸ்!

இருந்த இடத்தில் கைதட்டினேன். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கரண்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார். வீட்டுக்கு வீடு ரசனை வேறுபடும்.

சரி, விரிசலை என்ன செய்வது? கடலூர் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. பட்டறைக்காரர் ஃபிரேமை வாங்கி, கண்ணாடியை மாட்டி, ராடைப் பிடித்து, ஸ்விட்சைப் போட்டார். கரண்ட் கட்! மின்வெட்டைத் திட்டாத ஆள் உண்டா நம்மில்? நான் அன்றிலிருந்து திட்டுவதில்லை. காத்திருந்த நேரத்தில் அவர் சும்மா குழாயைச் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது.

"டீச்சர், இது பேப்பர் மாதிரி மெலிசா இருக்குது. நான் ஆர்க் வெச்சிருந்தா ஓட்டையாப் பூந்திருக்கும். நீங்க மங்கலம்பேட்ட இக்பால் பாய்கிட்ட போங்க."

இக்பால் பாய் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். மங்கலம்பேட்டை கடைத்தெருவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. பஸ்ஸில் ஃபிரேமோடு போய் இறங்கினேன். வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சைக்கிள் வேல எனக்குத் தெரியாதும்மா. ஆனா இது பைப்பு. பைப்புன்னா நம்ம வேலதான். உக்காருங்க."

முதலில் விரிசலின் இரண்டு நுனியிலும் ஊசி மாதிரி டிரில்லை வைத்துப் பொடிப்பொடியாய் ஓட்டை போட்டார். எனக்குப் பதறியது. ஏற்கெனவே உடைந்ததில் ஓட்டையா?

"விரிசலு ஓடிக்கிட்டே இருக்குமில்ல? நுனியில வட்டமா ஒரு ஓட்ட போட்டுட்டா அங்கியே நின்னுடும். குவைத்துல ஒரு ஃபோர்மேன் சொல்லிக்குடுத்தாரு."

தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், நுனியில் குவிகிறது, வட்டத்தில் பரவுகிறது. நான் இதைப் பிளஸ் டூவுக்கு அரை மணி நேரம் நடத்துவேன். பாய் இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

மெல்லிய பைப் ஒன்றைப் பாதியாய்ப் பிளந்து, விரிசல் மேல் கவசம் மாதிரி பொருத்தினார். வெள்ளைப் பசையைத் தடவினார். கேஸ் டார்ச்சைக் காட்டி, சிவக்கும் முன்பே வெள்ளி கலந்த ராடின் நுனியால் தொட்டார். பளபளவென்று தண்ணீர் மாதிரி ஓடி, இடுக்கெல்லாம் தானாகப் புகுந்துகொண்டது. நான் ஊதப் போனேன்.

"ஊதாதீங்கம்மா! அதுவா ஆறணும். டீ சொல்றேன்."

டீ குடிக்கும்போது கேட்டார், "யாரோட வண்டிம்மா இது?"

"என்னோடதுதான் பாய்."

யோசிக்காமல் வந்தது பதில். எனக்கே ஆச்சரியம். ஆனால் சொன்ன பிறகு நன்றாக இருந்தது.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. நம்ம ஊர் இருபத்தாறு ஒன்றரை சைஸ் சக்கரம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மினி லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவர் அந்தப் பப்பாளி நிறத்தைக் கலந்து கொடுத்தார். ஜூலை முதல், காலை ஐந்தரை மணிக்குச் சுடிதாரோடு, மணிமுத்தாறு பாலத்தில் ஒரு நாற்பத்தாறு வயதுப் பெண்மணி பார் வைத்த ஆரஞ்சு சைக்கிளில் பறப்பதை விருத்தாசலம் பார்த்தது. பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் ரோட்டில் மட்டும் போகமாட்டேன். அங்கே உடைந்த சில்லு எல்லாம் டயருக்காகவே காத்திருக்கும்.

இதற்கு நடுவே ஸ்டூடியோக்காரரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கிப் படம் எடுத்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பழைய சைக்கிள் பைத்தியங்கள் கூடும் ஒரு இணையதளத்தில் போட்டிருந்தேன். உலகம் முழுக்க என் மாதிரி ஆட்கள் இருப்பது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? ஒருவர் ஜப்பான் என்றார். ஒருவர் "தூக்கிப் போடு" என்றார். நான் 28.0 என்று எழுதியதும் எல்லோரும் பிரான்ஸ் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு இரண்டு மாதம் சத்தமே இல்லை. நானும் மறந்துவிட்டேன். வண்டிதான் கையில் இருக்கிறதே!

செப்டம்பரில் ஒரு மெயில் வந்தது. பிரான்ஸில் ஒரு சின்ன மலையூரிலிருந்து. அனுப்பியவரின் அப்பா கையாலேயே சைக்கிள் ஃபிரேம் கட்டி விற்றவராம். நீண்ட தூரம் பயணம் போகிறவர்களுக்காக மட்டும். எந்த நம்பர் யாருக்கு என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான் தளத்தில் போட்ட நம்பர் அதில் இருக்கிறது. வாங்கியவர் பெயர் கிளேர். தொழில், நர்ஸ்.

கிளேர்? பெண் பெயராயிற்றே...

கீழே வாசித்தேன். அந்த அம்மாள் பக்கத்து ஊரில் சௌக்கியமாக இருக்கிறாராம். படத்தைக் காட்டியதும் அவரே ஒரு கடிதம் எழுதி, மெயிலோடு சேர்க்கச் சொல்லியிருக்கிறார். திக்கித் திணறிய ஆங்கிலம். என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்:

"எனக்கு உடம்பு சரியில்லாதபோது அந்த வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண். வயது பதினேழு இருக்கும். அவள் பெயரை நான் மறக்க முடியாது. மாதா காட்சி கொடுத்த எங்கள் நாட்டு ஊரின் பெயர் அது. லூர்து. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் தொழிற்சாலைக்குப் பின்னால், வெள்ளை மண் படிந்த மைதானத்தில் அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தேன். நாலே நாளில் கற்றுக்கொண்டாள். ரயில் நிலையத்தில் ஹேண்டில்பாரை அவள் கையில் கொடுத்து, இது உனக்கு என்று சொன்னேன். அவளுக்கு இப்போது ஐம்பது வயது ஆகியிருக்கும். இன்னும் ஓட்டுகிறாளா?"

லூர்துமேரியை எனக்குத் தெரியும். அந்தோணிசாமி அண்ணனின் தங்கை. நல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. திருவிழாவுக்கு வருவார், உளுந்து கொண்டு வருவார், என் வீட்டிலும் ஒரு படி கொடுத்துவிட்டுப் போவார். சைக்கிள் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மெயிலை அச்சடித்து எடுத்து, நாலாக மடித்து, கைப்பையில் போட்டுக்கொண்டு நாலு நாள் திரிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் சைக்கிள் ஓட்டினேன். 'கண்டுபிடித்தது நான், ரிப்பேர் செய்தது நான், வாங்கிக்கொள்ளச் சொன்னது அண்ணன்...' என்று பாலம் முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். ஐந்தாம் நாள் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். வரிசையாக நின்ற வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளைகள் ஆளாளுக்குத் தன் வண்டி பெல்லை அடித்துக்கொண்டிருந்தார்கள். 'இது என்னுது, இது என்னுது' என்று ஒரே கூச்சல். அந்தச் சத்தத்தில் என் வாதம் எடுபடவில்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய், இருவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன்.

ஆரோக்கியமேரி அக்கா முதலில் குறுக்கிட்டது, சைக்கிளில் வந்தவர் கிளேர் என்ற அம்மாள் என்ற இடத்தில். "பொம்பளயா? வந்தது பொம்பளயா? இத்தினி வருஷமா ஆம்பளன்னுல்ல சொன்னீங்க!"

"நான் எப்பச் சொன்னேன்? 'அவங்க'ன்னுதானே சொன்னேன்" என்றார் அண்ணன். குரல் எழும்பவே இல்லை.

யோசித்துப் பார்த்தேன். சரிதான். "வந்தாங்க, இருந்தாங்க, போனாங்க." நம்ம ஊர் மரியாதையில் ஆணும் ஒன்று, பெண்ணும் ஒன்று. வெள்ளைக்காரன் என்று முடிவு கட்டியது நாங்கள்.

"சரி, அது போவட்டும். 'குடுத்தாங்க, குடுத்தாங்க'ன்னீங்களே... யாருக்குக் குடுத்தாங்கன்னு ஒரு நாளு சொன்னீங்களா?"

தமிழில் இது ஒரு சௌகரியம், கவனித்திருக்கிறீர்களா? 'கொடுத்தாங்க' என்றால் போதும், வாக்கியம் முடிந்துவிடும். யாருக்கு என்பது கேட்பவர் பாடு. நாமும் கேட்பதில்லை.

அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். பார்வை தரையில்.

"நைட் ஷிப்ட்டு போட்டுட்டாங்க டீச்சர். மூணு மைலு நடக்கணும். ஒரே ஒரு மாசம் குடும்மான்னு கேட்டேன். குடுத்துட்டா. அவ அப்ப ஜங்ஷன் பக்கம் டைப் கிளாஸ் போயிக்கிட்டிருந்தா. சைக்கிள் இல்லாம அவ்ளோ தூரம் எப்படிப் போவா? நின்னுட்டா. அடுத்த வருஷம் கல்யாணம்."

"திருப்பிக் கேக்கலையா?"

"கேக்கல டீச்சர். ஒரு வாட்டி கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவ கேக்கவே இல்ல. அதான்..."

ஆரோக்கியமேரி அக்கா சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் போறோம். டீச்சர், நீங்களும் வரீங்க" என்றார்.

போனோம். பஸ்ஸுக்கு மேலே சைக்கிளைக் கட்டினோம். அண்ணன் வழி முழுக்க ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் இரண்டு முறை திட்டினார்.

நல்லூரில் இறங்கி நடந்தோம். வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து லூர்துமேரி மக்காச்சோளம் காய வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். எங்களைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தார்.

அண்ணன் ஸ்டாண்டைப் போட்டார். "லூர்து... ஒன் சைக்கிளு."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாரை ஒரு விரலால் தொட்டார்.

"இந்தக் கலரு எப்படிண்ணே திரும்ப வந்துச்சு? நீ பச்ச அடிச்சிட்டியே?"

நான் மெயிலைப் படித்தேன். 'இன்னும் ஓட்டுகிறாளா' என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அவர் அழவில்லை. அண்ணனைப் பார்த்து, மணி என்ன என்று சொல்வது மாதிரி சொன்னார்.

"டைப்பு லோயர் பாஸ் பண்ணியிருந்தேன்ணே. ஹையருக்கு இன்னும் மூணு மாசந்தான் இருந்துச்சு."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"தெரியும்." "தப்புதாம்மா. கேக்கலன்னாலும் நான் குடுத்திருக்கணும்."

ஒரு கோழி வந்து சோளத்தைக் கொத்தியது. யாரும் விரட்டவில்லை.

லூர்துமேரி திடீரென்று குனிந்தார். நடவுக்கு இறங்குகிற மாதிரி புடவையை முழங்காலுக்கு மேல் வாரிச் செருகினார். சைக்கிளைச் சாய்த்துக் காலைப் பாருக்கு அந்தப் பக்கம் போட்டார்.

"புடிண்ணே. பின்னாடி சீட்டப் புடி."

"லூர்து, ஒனக்கு வயசு..."

"புடின்றேன்ல?"

அறுபதைத் தாண்டிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு, நல்லூர் மண் ரோட்டில் தங்கையின் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். வண்டி இடமும் வலமும் ஆடியது. வேலியோரம் போனது. "வுட்டுடாத, வுட்டுடாத" என்ற சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு அது "வுடுண்ணே! அட, வுடுன்றேன்!" என்று மாறியது. அண்ணன் விடவே இல்லை. கடைசியில் மூச்சு வாங்கி அவராகவே நின்றபோதுதான் வண்டி போனது. நேராகப் போனது. புளியமரம் தாண்டி வளைவில் மறைந்தது.

கால் மணி நேரம். ஆளைக் காணோம்.

"வுழுந்து கிழுந்து வெச்சாளா?" என்று ஆரோக்கியமேரி அக்கா எழுந்து எழுந்து பார்த்தார். அண்ணன் ரோட்டிலேயே நின்றார்.

ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சப்பை தொங்க, லூர்துமேரி திரும்பி வந்தார். பைக்குள் நாலு கலர் சோடா. விருந்தாளிகள் வந்திருக்கிறார்களே, வீட்டில் ஒன்றும் இல்லையே என்று கடைவரைக்கும் போயிருக்கிறார். முதல் பாட்டிலை எனக்குக் கொடுத்தார். இரண்டாவதை அண்ணிக்கு. மூன்றாவதைத் தானே திறந்து பாதி குடித்தார். அதன் பிறகுதான் நாலாவது அண்ணனுக்குப் போனது. அவரும் வாங்கிக் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கை வெறுமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? பொறாமையும் இருந்தது. ஆனாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தேன்.

போன வாரம் லூர்துமேரி ஃபோன் செய்தார். கிளேர் அம்மாளுக்குப் பதில் எழுத வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டு, இங்கிலீஷில் மாற்றி அனுப்ப வேண்டும். பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தேன். முப்பது வருடக் கதையை இந்த அம்மாள் எந்த வரியில் ஆரம்பிக்கப் போகிறாரோ என்று காத்திருந்தேன்.

"எழுதிக்குங்க டீச்சர். 'அன்புள்ள அக்கா, நான் நல்லா இருக்கேன். சைக்கிளு நல்லா இருக்குது. தெனம் ஓட்டறேன்.' எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன், சொல்லுங்க."

"'ரிப்பேர் பண்ணுனவங்க பிரேக்குதான் சரியா வெக்கல.'"

எழுதினேன். உண்மைதானே!